பனி ஓய்ந்தபோது பிறந்த ஊர்

மட்டாஞ்சேரி வாசல்களில் ஏறும் உப்புத் தண்ணீரின் கதை 20,000 ஆண்டுகளுக்கு முன், கனடாவில் தொடங்குகிறது

மார்கழி மாதத்துப் பௌர்ணமி. மழை ஓய்ந்து வாரக்கணக்கில் ஆகிவிட்டது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ஆனாலும் விடிவதற்குள் கொச்சியின் தாழ்வான தெருக்களில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. மேலிருந்து கொட்டிய தண்ணீர் அல்ல இது. சாக்கடை வாய்களின் வழியாகக் கீழிருந்து ஏறி வந்தது. தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும்.

இரண்டு மூன்று மணி நேரத்தில் தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போய்விடும். போகும்போது எதையும் அடித்துச் செல்வதில்லை. அதனால் இது செய்தியாவதும் அபூர்வம். ஆனால் அது விட்டுச் செல்லும் உப்பு சுவருக்குள் ஏறுகிறது. காரை பொரிந்து உதிர்கிறது. ஸ்கூட்டரின் அடிப்பாகம் துருப்பிடிக்கிறது. கொல்லையில் வாழையும் கறிவேப்பிலையும் பட்டுப்போகின்றன. மலையாளத்தில் இதற்கு வேலியேற்றம் என்று பெயர். வைப்பின் தீவின் எடவனக்காடு, தெற்கே செல்லானம், கும்பளங்கி, பெரும்படப்பு, இங்கே மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சியின் பள்ளமான பகுதிகள் என்று ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதே கதைதான்.

காரணம் கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் கிடைக்கும். துறைமுகத்துக்காக ஆழம் தோண்டியதுதான் என்பார் ஒருவர். கால்வாய்களைத் தூர்வாராததுதான் என்பார் அடுத்தவர். 2018 பெருவெள்ளம் காயலில் சேர்த்த வண்டல் என்பார் மூன்றாமவர். அமாவாசை, பௌர்ணமிக்கு அப்படித்தான் என்று முடித்துவிடுவார் ஒரு பெரியவர். எல்லோர் பேச்சிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. குளிர்கால மாதங்களில் இந்தியாவின் மேற்குக் கரையோரம் கடல் மட்டம் இயல்பாகவே உயர்ந்து நிற்கும். வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீரை ஏந்திக்கொண்டு கரையோர நீரோட்டம் அப்போது வடக்கு நோக்கிப் போவது ஒரு காரணம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இதே மட்டம் இறங்கிவிடும். குளிர்கால உயர்வோடு பௌர்ணமியின் இழுப்பும் சேர்ந்தால் தண்ணீர் வாசலுக்கு வருகிறது.

ஆனால் சந்திரனும் நீரோட்டமும் கொச்சிக்குப் புதியவை அல்ல. அவை ஏறி நிற்கும் தளம்தான் மெல்ல உயர்ந்து வருகிறது. அந்தத் தளத்தை மேலும் கீழும் அசைப்பது துருவப் பிரதேசங்களின் பனி. கொச்சி என்ற ஊரே அந்தப் பனி ஒருமுறை உருகி ஓய்ந்ததன் விளைவு.

கடலே இல்லாத கொச்சி

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இன்றைய மட்டாஞ்சேரி இருக்கும் இடத்தில் நின்று மேற்கே பார்த்திருந்தால் கடல் கண்ணில் பட்டிருக்காது. கரையைத் தொட ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நடந்திருக்க வேண்டும். வழியெல்லாம் தரை. பெரியாறு அந்தத் தரையை அறுத்துக்கொண்டு தொலைவில் எங்கோ கடலில் கலந்திருக்கும். இன்று கொச்சி மீன்பிடிப் படகுகள் வலை வீசும் கடலடியில் பெரும்பகுதி அன்று வெயில் பட்ட நிலம்.

அந்தத் தண்ணீர் எங்கே போயிருந்தது? வடக்கே, நிலத்தின் மேல். கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்த காலம் அது. ஏறக்குறைய கனடா முழுவதும், அமெரிக்காவின் வட பகுதி, ஸ்காண்டிநேவியா, பிரிட்டனின் பெரும்பகுதி எல்லாம் பனிப்பாளங்களுக்கு அடியில் கிடந்தன. கனடாவின் ஹட்சன் விரிகுடாப் பகுதியில் பனியின் கனம் சுமார் மூன்று கிலோமீட்டர். கடலிலிருந்து ஆவியான நீர் அங்கே பனியாக விழுந்தது. கோடையிலும் உருகாமல் ஆண்டுக்கு ஆண்டு அடுக்கடுக்காகச் சேர்ந்தது. கடலுக்குத் திரும்ப வேண்டிய நீர் திரும்பவில்லை. உலகம் முழுவதும் கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் இறங்கியது.

பனியுகங்கள் வந்து போவதன் அடிப்படைக் காரணம் சூரியனைச் சுற்றும் பூமியின் பாதையிலும் அதன் அச்சின் சாய்விலும் ஏற்படும் மெதுவான மாற்றங்கள். இதைக் கணக்குப் போட்டு விரிவாக விளக்கியவர் செர்பிய விஞ்ஞானி மிலுடின் மிலங்கோவிட்ச். வட துருவத்தை ஒட்டிய பகுதிகளுக்குக் கோடையில் கிடைக்கும் வெயில் குறைந்தால் பனி சேரும், கூடினால் உருகும். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்ஸைடு இந்த ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக்குகிறது. பனியுகத்தின் உச்சத்தில் காற்றின் பத்து லட்சம் பங்கில் அது சுமார் 190 பங்கு இருந்தது. பனி உருகி முடிந்த பின் 280 அளவில் நின்றது.

120 மீட்டர் என்பது ஊகம் அல்ல. கரீபியன் தீவான பார்படாஸில் ஒருவகைப் பவளம் கடல் மட்டத்துக்குச் சற்றுக் கீழே மட்டுமே வளரும். அமெரிக்க விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபேர்பேங்ஸும் அவருடைய குழுவினரும் அங்கே கடலடியில் துளையிட்டு, ஆழத்தில் புதைந்து கிடந்த அதே பவளத்தை எடுத்தார்கள். எந்த ஆழத்தில் எந்த வயதுப் பவளம் கிடைக்கிறதோ, அந்தக் காலத்தில் கடல் ஏறக்குறைய அந்த மட்டத்தில் இருந்தது என்று பொருள். 1989-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு, பனியுக உச்சத்தில் கடல் இன்றைவிட 121 மீட்டர் கீழே இருந்தது என்றது.

இந்தியாவின் மேற்குக் கரையிலும் தடயங்கள் இருக்கின்றன. கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டத்திட்டின் அடியில், மும்பைக்கு நேர் மேற்கே, படிக்கட்டு போல மேடை மேடையாக அமைந்த தளங்களைக் கண்டார்கள். ஐம்பது பாகம் சமதளம் என்று பெயர் பெற்ற இடம் அங்கே இருக்கிறது. ஒரு பாகம் என்பது ஆறு அடி. அந்த ஆழங்களில் கிடைத்த சின்னச் சின்னச் சுண்ணாம்பு மணிகள் ஆழமற்ற, வெதுவெதுப்பான நீரில் மட்டுமே உருவாகக்கூடியவை. கடல் ஒவ்வொரு படியிலும் கொஞ்ச காலம் நின்று, பிறகு மேலே ஏறியிருக்கிறது.

படிப்படியாக, சில சமயம் பாய்ச்சலாக

ஏறக்குறைய 19,000 ஆண்டுகளுக்கு முன் பனி உருகத் தொடங்கியது. 7,000 ஆண்டுகளுக்கு முன் அநேகமாக முடிந்தது. இடைப்பட்ட 12,000 ஆண்டுகளில் 120 மீட்டர். சராசரியாக ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். கொச்சிக் கரையில் கடல் ஆண்டுக்கு நாலைந்து மீட்டர் கிழக்கே நகர்ந்திருக்கும். ஒருவர் தன் ஆயுளுக்குள் இரு நூறு, முந்நூறு மீட்டர் கரை பறிபோவதைப் பார்த்திருப்பார்.

சராசரி என்பது எப்போதும் முழு உண்மையைச் சொல்வதில்லை. சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன் 500 ஆண்டுகளுக்கும் குறைவான இடைவெளியில் கடல் ஏறக்குறைய 20 மீட்டர் உயர்ந்தது. ஆண்டுக்கு நாலு சென்டிமீட்டர். பாட்டி சிறுமியாக நின்ற கரை, பேரன் தலையெடுக்கும்போது இரண்டு ஆள் ஆழத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்திருக்கும். இதற்கான தண்ணீரில் எவ்வளவு வட அமெரிக்கப் பனியிலிருந்து வந்தது, எவ்வளவு அண்டார்டிகாவிலிருந்து என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் வாதம் நடக்கிறது. பனிப்பாளம் சீராக உருகும் பொருள் அல்ல, ஒரு கட்டத்தைத் தாண்டினால் சரியும் என்பதில் வாதம் இல்லை.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் குமரிக்கண்டம் நினைவுக்கு வரும். கடல் நிலத்தைக் கொண்டது என்ற செய்தி இறையனார் களவியல் உரையில் இருக்கிறது. இந்துமாக் கடலில் ஒரு பெரும் கண்டம் மூழ்கியது என்பதற்கு நிலவியலில் ஆதாரம் கிடையாது. ஆனால் கடல் ஏறியதும், கரையோர நிலம் மூழ்கியதும் நடந்த சங்கதி. பாக் நீரிணையின் பெரும்பகுதி ஆழம் பத்துப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டாது. பனியுகத்தில் இலங்கைக்குக் காலில் தண்ணீர் படாமல் நடந்தே போகலாம். கன்னியாகுமரிக்குத் தெற்கே, மீனவர்கள் வாட்ஜ் பேங்க் என்ற பெயரில் அறிந்த ஆழம் குறைந்த கடற்பரப்பிலும் அன்று தரை இருந்தது. மூழ்கியது கண்டம் அல்ல, ஒரு விளிம்பு. அந்த விளிம்பில் மனிதர்கள் வாழ்ந்திருந்தால், அவர்கள் செய்திருக்கக்கூடியது ஒன்றுதான்: மூட்டை கட்டிக்கொண்டு மேட்டுக்கு நகர்வது. அவர்களுக்குக் கல் கட்டடம் இல்லை, பத்திரப் பதிவு இல்லை, வங்கிக் கடன் இல்லை. நகர முடிந்தது.

வைப்பு என்ற சொல்

வட அமெரிக்கப் பனிப்பாளம் தேய்ந்து, சில சில்லுகள் மட்டும் மிஞ்சின. கனடாவின் பாஃபின் தீவில் உள்ள பார்ன்ஸ் பனிமுடி அப்படி எஞ்சிய ஒரு துண்டு. உருகுவதற்கு அதிகம் இல்லாததால் கடலின் ஏற்றம் தளர்ந்தது. இந்தியக் கரையில் சில ஆயிரம் ஆண்டுகள் அது இன்றைவிடச் சற்று உயரமாகவே நின்று, பிறகு கொஞ்சம் இறங்கியது. ராமேஸ்வரம் தீவில் இன்றைய கடல் மட்டத்துக்கு மேலே செத்து நிற்கும் பழைய பவளப்பாறைகள் அந்தக் காலத்தின் சாட்சி.

கடல் ஓய்ந்ததும் ஆறுகளின் முறை வந்தது. ஏறும் கடலுக்கு ஈடுகொடுக்க முடியாமல் இருந்த பெரியாறும் மூவாற்றுப்புழையும் பம்பையும் இப்போது கொண்டுவந்த வண்டலை ஒரே இடத்தில் சேர்க்க முடிந்தது. அலைகள் அந்த மணலை வரிசை வரிசையாக, கரைக்கு இணையான திட்டுகளாகக் குவித்தன. திட்டுகளுக்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்ட நீர் வேம்பநாட்டுக் காயல் ஆனது. கொச்சிக்கும் ஆலப்புழைக்கும் இடையில் அந்த மணல் வரிசைகளை இன்றும் காணலாம். காயலின் அடியில் பழைய சிப்பி ஓடுகள் படுகை படுகையாகக் கிடக்கின்றன. அவற்றை எடுத்துச் சுண்ணாம்பு சுட்டார்கள், சிமென்ட் ஆலைக்கும் அனுப்பினார்கள். தெற்கே குட்டநாட்டின் கரிநிலங்களில் மண்ணைத் தோண்டினால் கறுத்துப்போன மரத் துண்டுகள் வருகின்றன. நீரும் சேறும் மூடிய பழைய காடுகள் அவை.

கொச்சிக்கு எதிரே நீளமாகக் கிடக்கும் தீவின் பெயர் வைப்பின். தமிழ் அறிந்தவருக்கு இந்தப் பெயர் எளிதில் விளங்கும். கடலும் ஆறும் வைத்த மண் வைப்பு. 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர் முகத்துவாரத்தைத் தூர்த்து, கொச்சியின் வாயைத் திறந்துவிட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அந்த ஆண்டிலிருந்து புதுவைப்பு என்ற பெயரில் ஒரு ஆண்டுக் கணக்கே வழங்கியது. ஒரு நிலம் பிறந்த நாளிலிருந்து வருஷத்தை எண்ணிய மக்கள் உலகில் அதிகம் இருக்க மாட்டார்கள்.

கொடுங்கல்லூர் மங்கியதும் கொச்சி வளர்ந்தது. 1555-ல் போர்ச்சுகீசியர் மட்டாஞ்சேரியில் அரண்மனை கட்டி கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தார்கள். 1568-ல் யூதர்கள் பக்கத்திலேயே தங்கள் ஆலயத்தை எழுப்பினார்கள். மிளகும் சுக்கும் ஏலமும் கிடங்குகளில் குவிந்தன. குஜராத்திகள், கொங்கணிகள், கட்ச் முஸ்லிம்கள் வந்தார்கள். டச்சுக்காரர்கள் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டதாகச் சொல்லப்படும் சலவைத் தொழிலாளர்களின் வாரிசுகள் ஃபோர்ட் கொச்சியின் வேளியில் இன்றும் துணி வெளுக்கிறார்கள். இத்தனை பேரும் கால் ஊன்றியது கடல் ஓய்வெடுத்த நேரத்தில் சேர்ந்த மண்ணின் மேல்.

கொச்சி மட்டுமல்ல. நைல், சிந்து, கங்கை, காவிரி என்று உலகின் கழிமுகங்கள் இன்றைய வடிவத்துக்கு வந்தது இதே ஓய்வில்தான். மனிதன் நகரம் கட்டியது, எழுத்துக் கற்றது, துறைமுகம் வைத்தது எல்லாம் இந்த 7,000 ஆண்டு இடைவேளைக்குள் அடக்கம். கடல் ஒரே இடத்தில் நிற்கும் என்பது மனிதகுலத்தின் அனுபவம். பூமியின் அனுபவம் வேறு.

ஒரு மீட்டர் உலகம்

கொச்சிக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே ஓதத்தின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம், பௌர்ணமி நாளில்கூட, சுமார் ஒரு மீட்டர்தான். மும்பையில் அது நாலைந்து மீட்டர். குஜராத்தின் பாவ்நகரில் பத்து மீட்டரைத் தொடும். தினமும் பல மீட்டர் ஏறி இறங்கும் கடலோரத்தில் யாரும் தண்ணீருக்கு அருகில் தரை போட மாட்டார்கள். கொச்சியில் கடல் சாதுவாக இருந்தது. கிடங்கின் பின்கதவைக் காயலைப் பார்த்து வைத்தார்கள், வள்ளத்திலிருந்து மூட்டையை நேராக உள்ளே இறக்க வசதியாக. தளத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் அதிக இடம் விட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அந்தச் சொற்ப இடைவெளிதான் இப்போது கரைகிறது. எவ்வளவு கரைந்தது என்று சொல்ல ஒரு கருவி இருக்கிறது. 1920-ல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, முகத்துவாரத்தை அடைத்திருந்த கடினமான மணல் மேட்டை வெட்டிக் கப்பலுக்கு வழி செய்தார். 1928 மே மாதம் பத்மா என்ற கப்பல் உள் துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டி உருவானது வில்லிங்டன் தீவு. மட்டாஞ்சேரியிலிருந்து பார்த்தால் கால்வாய்க்கு அப்பால் தெரிவது அதுதான். அங்கே உள்ள ஓதமானியின் பதிவுகள் 1939 முதல் கிடைக்கின்றன. இந்தியாவின் நீண்ட காலக் கடல் மட்டப் பதிவுகளில் அது ஒன்று.

அந்தப் பதிவின்படி கடல் நீண்ட காலச் சராசரியாக ஆண்டுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. நகக்கண் அழுக்கு அளவுகூட இல்லை என்று தோன்றலாம். 1939 முதல் இன்றுவரை கூட்டிப் பார்த்தால் பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர். அரைச் சாணுக்குக் குறையாது. பல மீட்டர் ஓதம் உள்ள மும்பையில் அரைச் சாண் எளிதில் தெரியாமல் போகலாம். ஒரு மீட்டர் ஓதம் உள்ள கொச்சியில் அது எட்டில் ஒரு பங்கு. முன்பு வாசற்படியைத் தொட்டுத் திரும்பிய மார்கழித் தண்ணீர் இப்போது படியேறுகிறது.

வேகமும் ஒரே மாதிரி இல்லை. மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வட இந்துமாக் கடலின் மட்டம் 1874 முதல் 2004 வரை ஆண்டுக்கு 1.06 முதல் 1.75 மில்லிமீட்டர் உயர்ந்தது. 1993 முதல் 2017 வரையிலான காலத்தில் அது 3.3 மில்லிமீட்டர். உலகச் சராசரியும் இதே திசையில்தான் போகிறது. செயற்கைக்கோள்கள் அளக்கத் தொடங்கிய 1990-களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் இரண்டு மில்லிமீட்டராக இருந்த ஏற்றம் இப்போது நாலைத் தாண்டிவிட்டது.

மறுபடியும் பனி

இந்தக் கூடுதல் நீரில் ஒரு பகுதி புதிதாக வந்தது அல்ல. சூடேறும் கடல் நீர் விரிவடைகிறது, அவ்வளவுதான். மற்றப் பெரும்பகுதி பனியிலிருந்து வருகிறது: மலைகளின் பனியாறுகள், கிரீன்லாந்து, அண்டார்டிகா. 7,000 ஆண்டுகளுக்கு முன் அடங்கிய கதை மறுபடி தொடங்கியிருக்கிறது. இந்த முறை பூமியின் சாய்வைக் குற்றம் சொல்ல முடியாது. 280-ல் நின்றிருந்த கார்பன் டை ஆக்ஸைடு இன்று 420-ஐத் தாண்டி நிற்கிறது. நிலக்கரியும் பெட்ரோலும் எரித்த கணக்கு அது.

கிரீன்லாந்தில் மிச்சமிருக்கும் பனி முழுதும் உருகினால் கடல் ஏழு மீட்டர் உயரும். அண்டார்டிகாவில் 58 மீட்டருக்கான பனி இருக்கிறது. அத்தனையும் உருக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும், எல்லாமே உருக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் பழைய வரலாறு ஒரு எச்சரிக்கை தருகிறது. சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன், இதற்கு முந்தைய வெப்ப இடைக்காலத்தில், உலகம் ஏறக்குறைய இன்றைய அளவுக்குத்தான் சூடாக இருந்தது. அப்போது கடல் இன்றைவிட ஐந்து முதல் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தது. அந்த மட்டத்தில் கொச்சி என்ற ஊர் வரைபடத்தில் இருக்காது.

பனி உருகும் இடத்தில்தான் கடல் அதிகம் உயரும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது நேர் எதிர். பிரம்மாண்டமான பனிப்பாளம் தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடல் நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி கரைந்தால் அந்தப் பிடி தளர்கிறது. கிரீன்லாந்தை ஒட்டிய கடல் இறங்குகிறது. விடுபட்ட நீர் தொலைவில் உள்ள வெப்பமண்டலக் கடல்களில் சராசரிக்கும் கூடுதலாகச் சேர்கிறது. கொச்சி இரண்டு துருவப் பனிக்கும் தொலைவில் இருக்கிறது.

பழைய பனியின் கணக்கும் இன்னும் தீர்ந்துவிடவில்லை. ஸ்வீடனில் பனிப்பாளத்தின் பாரம் நீங்கிய தரை ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகும் எழும்பிக்கொண்டிருக்கிறது, மெத்தையிலிருந்து எழுந்தபின் பஞ்சு மெல்ல உப்புவது போல. அங்கே 1731-ல் ஆண்டர்ஸ் செல்சியஸ், வெப்பமானியால் பெயர் பெற்ற அதே செல்சியஸ், கடலோரப் பாறை ஒன்றில் நீர் மட்டத்தைக் குறித்துக் கோடு வெட்டச் செய்தார். இன்று அந்தக் கோடு தண்ணீருக்கு மேலே, ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கிறது. ஸ்டாக்ஹோமில் கடல் ஏறுவதைவிட வேகமாகத் தரை ஏறுகிறது. துறைமுகம் ஆழம் குறைகிறது என்பது அவர்கள் கவலை. கொச்சியின் தரைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆறுகள் வைத்த வண்டல் காலப்போக்கில் அழுந்தத்தான் செய்யும்.

கல்லும் மிதவையும்

ஐ.நா. ஆதரவில் இயங்கும் பருவநிலை மாற்றக் குழுவின் 2021 அறிக்கை, 1995-2014 காலச் சராசரியோடு ஒப்பிட்டால் 2100-க்குள் உலகக் கடல் மட்டம் 28 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை உயரலாம் என்கிறது. எந்த முனையில் நிற்கும் என்பது எரிபொருள் விஷயத்தில் உலகம் எடுக்கும் முடிவைப் பொறுத்தது. குறைந்தபட்ச அளவே கொச்சியின் முழு ஓத உயரத்தில் கால் பங்குக்கு மேல். உச்ச அளவு, இன்றைய ஏற்றத்தின் உச்சியை நாளைய வற்றத்தின் அடியாக்கிவிடும்.

இதற்கிடையே செய்யக்கூடியவை இருக்கின்றன. கால்வாய்களைத் தூர்வாருவதும், ஓத நீர் சாக்கடை வழியே திரும்பி ஏறாமல் மதகுகள் வைப்பதும் உள்ளூர் நிர்வாகத்தின் கையில் உள்ளவை. எல்லாம் கடல் மட்டத்தின் வேலை என்று கைகழுவுவதற்கும், எல்லாம் தூர்வாராததன் விளைவு என்று கடலை மறப்பதற்கும் நியாயம் இல்லை. தூர்ந்த கால்வாய் ஏறும் கடலின் வேலையைச் சுலபமாக்குகிறது. ஏறும் கடல், தூர்வாரிய கால்வாயையும் ஒருநாள் எதிர்வழிப் பாதையாக்குகிறது.

செல்லானத்தில் 2017-ல் ஒகி புயலும் 2021-ல் டவ்தே புயலும் கடலை வீடுகளுக்குள் கொண்டுவந்து விட்டன. அதன் பிறகு கேரள அரசு 344 கோடி ரூபாய் மதிப்பில், ஏழு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்துக்கு நாற்கால் கான்கிரீட் கற்களை அடுக்கும் திட்டத்தை எடுத்தது. 2022-ல் வேலை தொடங்கியது. சுவர் எழுந்த பகுதியில் மக்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். சுவர் முடியும் இடத்துக்கு அப்பால் உள்ளவர்கள் தங்கள் பகுதிக்கும் நீட்டச் சொல்லிப் போராடுகிறார்கள். ஏழு கிலோமீட்டருக்கு இந்தச் செலவு. கேரளத்தின் கரையோ 590 கிலோமீட்டர். அலையைத் தடுக்கும் இந்தச் சுவர், காயல் பக்கமாகச் சத்தமில்லாமல் வரும் மார்கழி நீரைத் தடுக்காது. அது முன்வாசலில் பூட்டு, பின்வாசல் திறந்தே கிடக்கிறது.

வசதி உள்ளவர்கள் வீட்டை உயர்த்துகிறார்கள். தரையில் இன்னொரு அடுக்கு மண் போட்டு, மேலே ஓடு பதிக்கிறார்கள். கூரை தலையை நெருங்குகிறது. வசதி இல்லாதவர்கள் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைக்கிறார்கள்.

2023-ல் ஓடத் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோ படகுகளுக்கு மிதவை மேடைகள் அமைத்திருக்கிறார்கள். ஓதம் ஏறினால் மேடையும் படகும் சேர்ந்தே ஏறும், வற்றினால் சேர்ந்தே இறங்கும். பயணி கால் தவறாமல் ஏறிக்கொள்ளலாம். மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகள் கல்லில் நிற்கின்றன. அவை எழுந்த காலத்தில் கடலும் கல்லைப் போல ஒரே இடத்தில் நிற்கும் என்று நம்ப எல்லாக் காரணமும் இருந்தது. பனியுகத்து மனிதனைப் போல மூட்டை கட்டிக்கொண்டு மேட்டுக்கு நகர அவற்றால் முடியாது. அடுத்த மார்கழிப் பௌர்ணமிக்கும் அவை அங்கேயேதான் நிற்கும். தண்ணீர் எந்தப் படிவரை வரும் என்பதுதான் கேள்வி.